ஜோத்பூர் கோட்டையும் நம்மூர் வேலிக்கருவையும்

ஜோத்பூர் வருகிற நம்மவர்கள் மெஹ்ரான்கர் கோட்டையில் ஏறி, பீரங்கி, பல்லக்கு எல்லாம் பார்த்து, நீல வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கோட்டைக்கு அடியிலேயே சுமார் 70 ஹெக்டேரில் 'ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா' இருப்பது பலருக்குத் தெரியாது. கோட்டையின் சரித்திரம் 1459-ல் தொடங்குகிறது. பூங்காவின் சரித்திரம் சின்னதுதான், ஆனால் நமக்கு ரொம்ப நெருக்கமானது. அதில் வில்லன் நம்மூர் வேலிக்கருவை!

முதலில் கோட்டைக் கதை. ராவ் ஜோதா மண்டோரிலிருந்து தலைநகரை இந்தக் குன்றுக்கு மாற்றினார். அங்கே இருந்த சிடியாநாத் என்ற துறவியை வெளியேற்றியதால், 'தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும்' என்று அவர் சபித்ததாகச் சொல்வார்கள். சாபமோ இல்லையோ, ஜோத்பூரில் ஆண்டு மழை சுமார் 36 சென்டிமீட்டர்தான். சென்னையில் 140. அதனால் பாறையில் கால்வாய் வெட்டி, மழைநீரைக் கோட்டையின் குளங்களுக்குக் கொண்டுபோனார்கள். பூங்காவின் ஒரு நடைபாதை இன்றும் பழைய கால்வாய்க்குள்ளேயே போகிறது. இருபுறமும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. வயது 70 கோடி ஆண்டுக்கு மேல்.

இனி வில்லன் கதை. மெக்சிகோ பக்கத்துச் சீமைக்கருவேலம் 1870களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. மார்வாரைப் பச்சையாக்க வேண்டும் என்று 1930களில் மகாராஜா உமைத் சிங் இதன் விதைகளை விமானத்திலிருந்து தூவச் செய்தார் என்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். வறட்சி, விறகு இரண்டுக்கும் தீர்வு என்று நினைத்தார்கள். ஆனால் மரம் மற்றச் செடிகளை அமுக்கிவிட்டுக் குன்று முழுக்க மண்டியது. உள்ளூர்க்காரர்கள் 'பாவ்லியா', அதாவது பைத்தியம், என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், நம்பிக் கொடுத்த கடன் வாராக்கடன் ஆன கதை.

2006-ல் கோட்டை அறக்கட்டளை, மரங்களைப் பற்றி எழுதிவரும் பிரதீப் கிருஷணிடம் பொறுப்பை ஒப்படைத்தது. சிக்கல் என்னவென்றால், மேலே வெட்டினால் கருவை மறுபடி துளிர்க்கும். வேர் பாறை இடுக்கில். கடைசியில் கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியா எனப்படும் பரம்பரைக் கல்லுடைப்பவர்கள். பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே எங்கே பிளக்கும் என்று அறிவார்கள். உளியும் சுத்தியலுமாக மரம் மரமாக வேரைத் தோண்டினார்கள். அந்தக் குழிகளிலேயே கள்ளி, குக்குல், கேர் என்று பாலைவனத்துக்கு உரிய செடிகளை நட்டார்கள். 2011-ல் பூங்கா திறந்தது.

2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது, நம்மூரில் பல இடங்களில் ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். அகற்றியதோடு விட்ட இடங்களில் திரும்ப முளைத்துவிட்டது. ஜோத்பூரில் பிடுங்கிய இடத்தில் உரிய செடியை வைத்தார்கள், வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிகிற சமயம் போனால் பாறையெல்லாம் பச்சை. காலை வேளையில் போங்கள், தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, கருவை மண்டிய கண்மாயை அவர்களுக்குக் காட்டுங்கள்.