வடக்கிருத்தலும் சல்லேகனையும்: ‘மாற்றற்ற நிலை’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருணை மரணம் பற்றிய விவாதங்களில் வடக்கிருத்தலை அதன் முன்னோடியாகக் காட்டுவோர் உளர். தமது சாவைத் தாமே தெரிவு செய்யும் உரிமை பண்டைத் தமிழருக்கு இருந்தது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். நூற்சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை.

கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு ஏற்பட்ட பகையினால் வடக்கிருந்தான். சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். புண்பட்டவனெனினும் அவனைச் சாவுக்கு இட்டுச்சென்றது நாணேயாகும். பாரியை இழந்த கபிலர் வடக்கிருந்ததாக மரபு கூறும். தீராநோய்க்கு முடிவு தேடியவர் இவர்களுள் எவருமிலர். வீரயுகத் தலைமக்களுக்கும் அவர்களைச் சார்ந்த புலவருக்கும் உரிய மான உணர்வே ஈண்டுத் தொழிற்படுகிறது. உழவரோ உமணரோ வடக்கிருந்த செய்தியைப் புறப்பாடல்கள் தருவதில்லை.

நம் விவாதத்துக்கு நெருங்கியது சமணரின் சல்லேகனை. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் இது, தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர் நன்கறிந்தது. அக்குன்றிலேயே 30 நாள் நோன்பிருந்தவரைக் கூறும் பிறிதொரு கல்வெட்டும் உண்டு. (எழுத்தின் வடிவை நுணுகி நோக்கிய நமது ஆய்வாளர் நாட்களின் எண்ணிக்கையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.) ஐம்பத்தேழு நாளையும் எவரோ எண்ணியிருத்தல் வேண்டும், எவரோ அருகிருந்து பேணியிருத்தல் வேண்டும். ஆசிரியரின் இசைவும் உடனுறையும் துறவியரின் பணியும் இந்நோன்புக்கு இன்றியமையாதன. அத்துறவியரைத் தமது உழைப்பின் உபரியாற் காத்தவர் இல்லறத்தார்.

சல்லேகனைக்குரிய தருணங்களைச் சமந்தபத்திரரின் வடமொழி நூலான இரத்தினகரண்டகம் வகுத்துரைக்கிறது. அதனைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி என்னும் நான்கையும் கூறும் வடமொழி நூல், அவை மாற்றற்றனவாக இருத்தல் வேண்டும் என நிபந்தனை விதிக்கிறது. நமது கருத்தில் ஆய்வுக்குரிய சொல் இதுவே. பிணியோடு பஞ்சமும் ஒருங்கே வைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. மழை பொய்த்தல் இயற்கை. களஞ்சியத்து நெல் யாருக்குரியது என்பது உடைமை உறவு பற்றிய வினா. ஆகவே, மாற்று உண்டா இல்லையா என்பதை உற்பத்தி நிலையும் வர்க்க உறவுகளும் காலந்தோறும் வரையறுத்து வந்துள்ளன.

இன்றைய சட்டத்தையும் இவ்வாறே நோக்கலாம். 2015 ஓகஸ்டில் இராஜஸ்தான் மேல் நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலைக் குற்றமெனக் கொண்டது. அம்மாதமே இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இடைநிறுத்தியது. 2018இல் உச்ச நீதிமன்றம், பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளும் உரிமையையும், அதுபற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. 2023இல் அதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. இது முற்போக்கானதே. ஆயினும் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும் உரிமை, அதனைப் பெறும் வாய்ப்புடையோருக்கே பொருளுடையது. புற்றுநோயின் கொடுநோவைத் தணிக்கும் மோர்பின் விலையுயர்ந்த மருந்தன்று. ஆனால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் விதித்த கட்டுப்பாடுகளால் அது நோயாளருக்கு எட்டாததாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவுதணிப்பு இயக்கம், தொண்டர்களின் துணையோடு அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. சட்டம் திருத்தப்பட்டதோ 2014இலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘தாங்கொணா நோவு’ எனப்பட்டதிற் பெரும்பகுதி, தணித்திருக்கக்கூடிய நோவேயாகும்.

மருத்துவ உதவியோடு இறத்தலை 2016இல் அனுமதித்த கனடா, 2021இல் சாவு அண்மையில் இல்லாதோருக்கும் அதனை விரித்தபோது, மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல எதிர்த்தன. வாழ்வதற்கான உதவி போதாதவிடத்து இறப்பதற்கான உதவி தெரிவாகுமா என அவை வினவின.

விருதுநகர் மாவட்டத்திலே, முதியோரை எண்ணெய் முழுக்காட்டி உறவினரே சாகச்செய்யும் ‘தலைக்கூத்தல்’ 2010இல் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. சட்டப்படி அது கொலை. ஊரார் சிலரோ அதனைக் கருணை என்றனர். படுக்கையிற் கிடப்பவரைப் பேண ஒருவர் வீட்டில் நின்றால் அன்றைய கூலி இல்லை. முதியவரே இசைந்ததாகக் கூறப்படுமிடத்தும், மருந்துக்கும் கஞ்சிக்கும் வழியற்ற வீட்டிற் பெறப்பட்ட இசைவு அது என்பதை நாம் மறத்தலாகாது.