புறாவின் விலாசம்

எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு மாடியில் ஓர் இளைஞன் பந்தயப் புறாக்கள் வளர்த்து வந்தான். ஒரு சமயம் அவன் குடும்பம் வீடு மாறியது. வெகு தூரமில்லை, நாலைந்து மைல்தான். புறாக்களைக் கூடையில் அடைத்து, கூண்டைப் பலகை பலகையாகப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை காபியும் கையுமாக அண்ணாந்து பார்க்கிறேன். காலி மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏழு புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கூண்டு இருந்த இடத்தில் நாலு ஆணித் துவாரங்களைத் தவிர ஒன்றுமில்லை.

மாலையில் பிள்ளையாண்டான் கூடையுடன் வந்து சேர்ந்தான்.

"ஏனப்பா, தினம் தீனி போடுகிற உன்னைக்கூடவா மறந்துவிட்டன?" என்று கேட்டேன்.

"மறக்கலே சார். இப்பவும் கையிலே வந்து உட்காரும். ஆனா அதுங்க திரும்பி வர்றது ஆளைத் தேடி இல்லே, இடத்தைத் தேடி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அரண்மனை உப்பரிகையில் நிற்கும் ராஜகுமாரி, புறாவின் காலில் ஓலையைக் கட்டிக் காதலனிடம் அனுப்புவதாகக் கதை எழுதியவர்களில் நானும் ஒருவன். இளவரசன் எந்தக் காட்டில் ஒளிந்திருந்தாலும் என் புறா தேடிக்கொண்டு போய்விடும். உண்மையில் ராஜகுமாரியின் புறாவுக்கு ராஜகுமாரியின் வீடு ஒன்றுதான் தெரியும். இளவரசனுக்குக் கடிதம் போகவேண்டுமானால், அவன் வீட்டில் வளர்ந்த புறாவை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே புறாத் தபாலில் முதல் காரியம் புறா அல்ல. கூண்டை எங்கே வைப்பது என்பதுதான். நம் பெரியவர்கள் இதை அறிந்துதானோ என்னவோ, பறவைக்கே அதன் வீட்டைச் சேர்த்து மாடப்புறா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கூண்டு வைப்பதிலும் சாஸ்திரம் இருக்கிறது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பந்தயக்காரர்கள் கூண்டின் முகத்தைத் தெற்கு அல்லது தென்கிழக்காக வைப்பதை விரும்புவார்கள். வெயில் உள்ளே விழ வேண்டும். சாரலும் ஊதல் காற்றும் முகத்தில் அடிக்கக் கூடாது. காற்றோட்டம் வேண்டும், ஆனால் புறாவின் மேல் நேராக வீசக் கூடாது. தரையில் ஈரம் தங்கினால் நோய் வந்துவிடும். இறங்குகிற வழியில் கம்பிகளோ உயர்ந்த மரமோ குறுக்கிடக் கூடாது. வாசலில் உள்பக்கம் மட்டுமே திறக்கும்படி கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்த புறா கூரைமேல் உட்கார்ந்து கால் மணி நேரம் சிறகு கோதிக்கொண்டிருந்தால் பந்தயம் போயிற்று. உள்ளே நுழைந்த நேரம்தான் கணக்கு. ஒவ்வொருவர் கூண்டும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால், புறாவை விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு கூண்டுக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக அளந்து, நிமிஷத்துக்கு இத்தனை கெஜம் அல்லது மீட்டர் என்று வேகம் பார்ப்பார்கள்.

இந்த ஒருவழித் தபாலை நம்பி ஒரு மாநகரமே காத்திருந்தது உண்டு. 1870 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. நகரத்தார் தங்கள் புறாக்களைக் கூடையில் வைத்துப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். பலூன் காற்று போன திசையில் போய் எங்கேயாவது இறங்கும்; திரும்பி வர அதற்கு வழி தெரியாது. புறாவுக்குத் தெரியும். வெளியூர்க் கடிதங்களை நுண்ணிய படச்சுருளாகச் சிறுக்கி வாலிறகில் கட்டி விடுவார்கள். குளிர், மூடுபனி, வல்லூறு இவற்றுக்கெல்லாம் தப்பி வந்தவை கொஞ்சந்தான். ஆனாலும் 1871 ஜனவரி இறுதியில் நகரம் பணியும் வரை, பாரிஸ்வாசிகள் கூரைகளைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

பாரிஸ் நகராது. போர்முனை நகருமே, அதற்கு என்ன செய்வது? முதல் உலக யுத்தத்தில் இதுதான் சங்கடம். படை பத்து மைல் முன்னேறினால் புறா பழைய இடத்துக்கே போய் இறங்கும். ஆகவே கூண்டுக்குச் சக்கரம் வைத்தார்கள். லண்டன் வீதிகளில் ஓடிய மாடி பஸ்கள்கூடப் புறாக்கூண்டுகளாக மாறிப் பிரான்சின் சேற்றில் நின்றன. வளர்ந்த புறாவைப் புது இடத்துக்குப் பழக்குவது பெரும்பாடு. அதனால் இளங்குஞ்சுகளைக் கொண்டுவந்து, முதலில் கம்பி வலைக்குள்ளிருந்து சுற்றுப்புறத்தைப் பார்க்கவிட்டு, பிறகு பசியோடு திறந்துவிட்டு, தீனி டப்பாவைக் குலுக்கி அழைப்பார்கள். வண்டிதான் வீடு என்று அவை கற்றுக்கொண்டன.

1918 அக்டோபர் 4-ந் தேதி ஆர்கோன் காட்டில் அமெரிக்கப் படைப் பிரிவு ஒன்று ஜெர்மானியர் நடுவே அகப்பட்டுக் கிடந்தது. போதாததற்குச் சொந்த பீரங்கிகளே அவர்கள்மேல் குண்டு பொழிந்தன. சுடுவதை நிறுத்தச் சொல்லி மேஜர் விட்டில்ஸி எழுதிய சீட்டைச் சுமந்து, சுமார் 25 மைல் தொலைவில் ராம்போன் என்ற ஊரில் நின்ற கூண்டுக்கு, மார்பில் குண்டு பாய்ந்து ஒரு காலும் சிதைந்த நிலையில் 'ஷேர் அமி' என்ற புறா வந்து விழுந்ததாகச் சொல்லுகிறார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுவந்தது அதுதானா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காட்டிலிருந்து கடைசியில் நடந்து வெளியேறியவர்கள் 194 பேர். பாடம் பண்ணிய அந்தப் புறா வாஷிங்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. பெட்டையா சேவலா என்ற வழக்கு 2021-ல்தான் சேவல் என்று தீர்ந்தது.

அடுத்த யுத்தமும் முடிந்தபின், 1946-ல் நம் ராணுவம் தன் புறாக்களில் 200-ஐ ஒரிஸ்ஸா போலீசுக்குக் கொடுத்தது. தந்தி எட்டாத கோராபுட் மலைகளில் தொடங்கி, கட்டாக்கைத் தலைமையிடமாகக் கொண்டு வேலை வளர்ந்தது. நிலையான கூண்டு, நகரும் கூண்டு இரண்டும் அங்கே இருந்தன. மூன்றாவதாக 'பூமராங்' என்று ஒரு முறையும் வைத்திருந்தார்கள். வீடு ஓரிடத்தில், சாப்பாடு இன்னோரிடத்தில். பசித்தால் அங்கே, வயிறு நிறைந்தால் இங்கே! அதனால் ஒரே புறா போகவும் வரவும் தபால் சுமந்தது. சம்பளத்துக்குப் பட்டணமும் உறக்கத்துக்குச் செங்கற்பட்டுமாக ரயிலில் அலைகிற நம் குமாஸ்தாக்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. 1999 பெரும்புயலில் மற்றத் தொடர்புகள் அறுந்தபோதும் இந்தப் பறவைகள் செய்தி சுமந்தன. 2002-ல் பணி கலைக்கப்பட்டது. விழா நாட்களுக்கென்று கொஞ்சம் புறாக்களை வைத்துக்கொண்டார்கள். 2018-ல் 50 புறாக்களைப் புவனேசுவரத்தில் விட்டுப் பார்த்தார்கள். அவை கட்டாக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

சென்ற மாதம் அந்த இளைஞனின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். கிழக்குப் பார்த்த கூண்டு. புது இடத்தில் பிறந்த குஞ்சுகள் வானத்தில் வட்டமடித்தன. பழைய ஏழும் தனியாக ஒரு வலைக்குள் இருந்தன.

"இதுங்களை இனிமே திறக்கவே முடியாது சார். குஞ்சுக்காக வச்சிருக்கேன்" என்றான். பிறகு, "அந்த மாடியிலே இப்போ யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டான்.

தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.