கூலிப் பதிவேடும் குடும்பப் பேரேடும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் கோயிலைத் தேடுவர். அடுத்து ஏரியையும் கல்வெட்டையும் நாடுவர். அயனம்பாக்கத்துக்கும் பரந்த ஏரி ஒன்று உண்டு. எனினும் இவ்வூரையும் இதன் அண்டை ஊர்களையும் இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவை தொழிற்சாலைகளே. முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் எழுந்தது. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. அறுபதுகளில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. கழனியில் இறங்கிய கால்கள் சங்கொலி கேட்டு ஆலைவாயிலை நோக்கி நடந்தன. அந்த நடையின் வரலாற்றுக்கு ஆவணம் எங்கே உள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

பெருநிறுவனங்கள் ஓரளவு விழித்துக்கொண்டன. டாட்டா குழுமம் 1991இல் தனக்கென ஆவணக் காப்பகம் அமைத்தது. கோத்ரெஜ் 2006இல் மும்பையில் அமைத்தது. ஐந்து கடைசல் எந்திரங்களும் இருபது தொழிலாளரும் கொண்ட சிறுபட்டறைக்குக் காப்பகம் ஏது? சட்டமும் துணை நிற்கவில்லை. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம், கூலிப் பதிவேட்டைக் கடைசிப் பதிவுக்குப்பின் மூன்றாண்டுகள் பாதுகாத்தால் போதும் என்றது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கணக்கேடுகளுக்கு எட்டாண்டு கேட்கிறது. அதன்பின் அவை பழைய காகிதக் கடைக்குப் போனால் குற்றமில்லை. குற்றமில்லைதான், இழப்பு உண்டு.

அவ்விழப்பு ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டில் 240 நாள் பணிபுரிந்ததாகக் கோரும் தொழிலாளியே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஹதிமணி வழக்கில் தீர்ப்பளித்தது. வருகைப் பதிவேடும் கூலிச் சீட்டும் அழிந்த இடத்தில், அவன் உழைத்த நாள்களுக்குச் சான்றாவது அவன் வாய்மொழி ஒன்றே. அவ்வாய்மொழி மட்டும் போதாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தொழிலாளர் வரலாறு எவ்வகை ஏடுகளிலிருந்து எழுகிறது என்பதற்குப் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளே சிறந்த எடுத்துக்காட்டு. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் தலைவர்களாக அறியப்படுகின்றனர். ஆயின் வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். இவர்கள் நடத்திய வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை சமயச் சொற்பொழிவுக்கான சபை. பக்திக்காகக் கூடிய இடத்திலேயே ஆலைத் துயரமும் பேசப்பட்டது. இச்செய்தியை நாம் அறிய முடிவதற்குத் திரு.வி.க. 1944இல் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ எழுதி வைத்தது ஒரு காரணம். 1909இல் நிறுவப்பட்ட எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் அதிகாரிகளின் கடிதங்களும் காக்கப்பட்டமை மற்றொன்று. ஆலை நிருவாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் ஏடுகள் மூன்றாவது. அவ்வழக்கின் எதிரொலியே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 1921இன் ஆறுமாத வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் காவல்துறைக் கண்கொண்டு விரிவாக எழுதப்பட்டுள்ளன. தறியில் நின்றவன் தன் கைப்பட எழுதியதோ அரிதினும் அரிது. இக்குறையை ஈடுசெய்யவே நொய்டாவிலுள்ள வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம், தொழிலாளர் வரலாற்றாசிரியர் சங்கத்துடன் கூடி 1998இல் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. அங்கு வாய்மொழிப் பதிவுகளும் ஆவணங்களே.

அதே 1918இல் அகமதாபாத்தில் நிகழ்ந்தது நம்மவர் நன்கறிந்ததே. சாராபாய் குடும்பத்தின் அம்பாலால் ஆலை முதலாளிகளின் தரப்பில் நின்றார். அவருடைய தமக்கை அனசூயா பென் நெசவாளர் பக்கம் நின்றார். காந்தியடிகள் மார்ச் 15இல் உண்ணாநோன்பு தொடங்க, மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. மகாதேவ தேசாய் அன்றாடம் குறித்து வைத்து அப்போராட்ட வரலாற்றை நூலாக்கினார். ஒரு வீட்டின் வரலாறும் ஒரு நகரத்துத் தொழிலாளர் வரலாறும் அங்கே ஒரே கதை. குடும்ப வரலாறு வேறு, தொழில் வரலாறு வேறு எனப் பிரிப்பது நூலகத்து அலமாரிக்கு வசதியாகலாம். வாழ்க்கை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

இதனை நன்குணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகிய அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்தார். ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள். குப்பை என்று பலர் கருதியிருக்கக்கூடியவை அவை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது; ஆயினும் கடல்கடந்து கொண்டுபோகாமல், சென்னையிலேயே நூலகமாக்கியது. அந்நூலகம் தரமணிக்குப் பெயர்வதற்குமுன் அயனம்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள முகப்பேரில்தான் இயங்கியது. தமிழின் அச்சு நினைவு முழுவதும் சில ஆண்டுகள் நம் அக்கம்பக்கத்தில் இருந்தது என்பதை இவ்வட்டாரத்தார் பலர் அறியார்.

அழைப்பிதழில் என்ன வரலாறு எனக் கேட்போர் உளர். பூர்வீக ஊர், இருவீட்டார் பெயர்கள், தொழில், கடை முகவரி, அச்சகத்தின் பெயர் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் நாளிட்டுக் கிடைப்பது வேறெங்கே? செட்டிநாட்டுத் திருமணங்களில் எழுதப்படும் இசைகுடிமானமும் அவர்தம் பேரேடும் ஐந்தொகையும் இன்று பொருளியல் வரலாற்றுக்கு மூலங்களாக விளங்குகின்றன.

நம் வீடுகளில் சிவப்புத் துணி போர்த்து, நீள மடித்து வைத்திருக்கும் பஹிகளும் அத்தகையனவே. யாருக்கு எவ்வளவு கடன், எந்த ஊரிலிருந்து சரக்கு, குமாஸ்தாவுக்கு என்ன சம்பளம், அறச்செலவு எவ்வளவு என்ற கணக்குகளோடு, இடையிடையே ஒரு பிறப்பும் ஓர் இறப்பும் குறிக்கப்பட்டிருக்கலாம். பலவும் மகாஜனி எழுத்தில் உள்ளவை. அவ்வெழுத்தில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ‘காகா அஜ்மீர் போனார்’ என்று வந்த கடிதத்தை ‘காகா ஆஜ் மர் கயே’, அதாவது இன்று இறந்தார் எனப் படித்து வீடே அழுத கதையை நம் பெரியோர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்புக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது: படிக்கத் தெரிந்தவர் இல்லையேல் ஏடு இருந்தும் ஊமை. அவ்வெழுத்தறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதும்போது பழங்கணக்கை எடைக்குப் போடுமுன் சற்று நிதானிக்க வேண்டுகிறோம். பட்டறை நடத்துவோர் கூலிப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் வேலை உத்தரவுப் புத்தகத்தையும் ஆயுதபூசைக் குழுப்படங்களையும் தனிப்பெட்டியில் இடலாம். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுவது நன்று. முதலாளியின் பெயர் எப்படியும் நினைவிலிருக்கும், முன்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் பெயரே முதலில் மறையும். பழைய தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டுவது கூடாது. பின்னர் பிரித்தெடுக்க இயலாது. அடகுக் கணக்குகளில் பிறர் வறுமை எழுதப்பட்டிருப்பதால், அவற்றைக் காப்பகத்திற்குக் கொடுக்குமுன் எத்தனை ஆண்டுகள் மூடி வைக்கவேண்டும் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்வது கடமை. பஹி படிக்கத் தெரிந்த பாட்டனார் இல்லத்தில் இருப்பின், பேரப்பிள்ளைகள் கைப்பேசியை அவர்முன் வைத்து முதற் பத்துப் பக்கங்களையாவது உரக்கப் படிக்கச்சொல்லிப் பதிவுசெய்து கொள்ளலாம்; அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.