இயந்திர மனிதன் நடத்திய வரலாற்றுப் பாடம்



வரலாற்று ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் எனக்கு எட்டிக்காயாகவே இருந்துவந்தன. நடந்ததைக் கூறுவது வரலாறு. நடவாததைக் கூறும் கதைக்கு வகுப்பறையில் என்ன வேலை என்பது என் எண்ணம். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடநூலுக்குள் மறைத்துவைத்து இயந்திர மனிதன் கதையொன்றைப் படித்துக்கொண்டிருந்தான். அந்த நூலைப் பறித்து என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். ஆண்டு முடிவதற்குள் திருப்பித் தரவேண்டும் என்று நினைத்தேன், தரவில்லை. மாணவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போய்விட்டான். இதனை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது இறுதியில் விளங்கும்.

அண்மையில் ஒரு விடுமுறை நாளில் என் பேத்தி, "தாத்தா, இந்த ஒரு படத்தை மட்டும் பாருங்கள்" என்று வற்புறுத்தினாள். அது 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி அயர்ன் ஜயன்ட்' என்னும் கார்ட்டூன் படம். இயக்கியவர் பிராட் பேர்ட். பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று அமர்ந்தவன், முடியும்வரை எழவில்லை. விஞ்ஞானக் கதையை விரும்பாதவனை இந்தப் படம் கட்டிப்போட்டது எவ்வாறு? அதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் 'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில்தான் இச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. பண்ணை அடிமைகள் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்த வேலை. ஹாப்ஸ்பர்க் பேரரசில் அக்கொடுமை 1848-இல்தான் ஒழிந்தது. ஆகவே அச்சொல்லின் வேர் ஆய்வுக்கூடத்தில் இல்லை. உழவனின் முதுகு வியர்வையில் இருக்கிறது. இயந்திர மனிதனைப் பற்றிய கதை தொடக்கத்திலேயே மனிதனைப் பற்றிய கதைதான்.

அதன்பின் ஒவ்வொரு காலமும் தன் கவலையை அவ்வுருவத்தின்மேல் ஏற்றிவைத்தது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த ஏழே ஆண்டுகளில், 1952-இல், ஜப்பானியச் சித்திரக் கலைஞர் ஒசாமு தெசுகா அணுசக்தியால் இயங்கும் சிறுவன் ஒருவனைப் படைத்தார். அழித்த அதே ஆற்றல் அச்சிறுவனிடம் காக்கும் ஆற்றலாயிற்று. இது ஒரு நாட்டின் ஏக்கம் அல்லவா?

இனி நம் படத்துக்கு வருவோம். இதற்கு மூலம் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1968-இல் சிறுவர்க்கென எழுதிய நூல். நூலின் கதை இங்கிலாந்தில் நிகழ்கிறது. இயக்குநரோ கதையை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூருக்கு மாற்றி, காலத்தை 1957 அக்டோபர் என்று குறித்தார். வரலாறு படிப்போர் இங்கேதான் நிமிர்ந்து உட்காரவேண்டும்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் செலுத்திற்று. அதன் எடை ஏறத்தாழ 84 கிலோகிராம். அந்தச் சிறு உருண்டை எழுப்பிய 'பீப்' ஒலி அமெரிக்கரை உலுக்கிவிட்டது. துணைக்கோளை ஏவிய ராக்கெட் அணுகுண்டையும் ஏவுமே என்பது அவர்களின் அச்சம். மறு ஆண்டே பள்ளி, கல்லூரிக் கல்விக்குப் பெருநிதி வழங்கும் சட்டம் ஒன்றை அமெரிக்கா இயற்றியது. குண்டு விழுந்தால் மேசைக்கடியில் எவ்வாறு பதுங்குவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பயிற்சி அளித்த காலம் அது.

அத்தகைய நாளில் விண்ணிலிருந்து வந்து விழுகிறது ஓர் இரும்புப் பூதம். உணவகத்தில் வேலை செய்யும் தாயின் ஒரே மகன் ஹோகார்த் அதனோடு நட்புக் கொள்கிறான். அரசு அதிகாரி ஒருவரோ, தமக்கு விளங்காத பொருள் எதுவாயினும் அது பகைவருடையதே என்று முடிவு கட்டுகிறார். பூதம் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று படம் கூறவே இல்லை. சூத்திரமில்லை, இயந்திர விளக்கமுமில்லை. வேட்டைக்காரர் சுட்ட மான் ஒன்று காட்டில் கிடக்கிறது. பூதம் அதனைத் தொட்டுப் பார்க்கிறது. மான் எழவில்லை. சாவு என்றால் என்ன என்று ஒரு சிறுவன் இரும்புக்கு விளக்கவேண்டியதாகிறது. அப்பூதத்தின் உடலுக்குள்ளேயே கொடிய ஆயுதங்கள் மறைந்திருக்கின்றன. துப்பாக்கியைக் கண்டால் அவை தாமாகவே வெளிப்படுகின்றன. ஆயுதமாகவே படைக்கப்பட்ட ஒன்று, ஆயுதமாக இருக்க மறுக்க முடியுமா? இதுவே படத்தின் கேள்வி. விடையை நான் கூறமாட்டேன், நீங்களே கண்டறியுங்கள்.

குறையும் உண்டு. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியிலிருந்து அணு ஏவுகணை பாய்வதாகப் படம் காட்டுகிறது. உண்மை நாட்டிலஸ் நீருக்கடியில் எறியும் டார்பிடோக்களையே தாங்கியது. அத்தகைய ஏவுகணை அதில் இல்லை. என் மாணவன் தேர்வில் இவ்வாறு எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன். எனினும் அக்காலத்து அச்சத்தைப் படம் பிழையின்றிக் காட்டியிருக்கிறது. ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் பாடநூல் தரும். ஒரு சிற்றூர் மக்கள் எவ்வாறு அஞ்சினர் என்பதை இத்தகைய கதைதான் தரும்.

விஞ்ஞானக் கதையை விரும்பாதார் எல்லா ரோபோ படங்களையும் விரும்புவர் என்று நான் சொல்லவில்லை. இரும்போடு இரும்பு மோதும் வேடிக்கையே பொருளாக உள்ள படங்களும் பல. அவை எனக்கு இன்றும் சலிப்பையே தருகின்றன. மனிதர் மனத்தை நாடுவோர், மனிதர் மனம் இருக்கும் படத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அட்டையில் இயந்திரம் இருக்கிறது என்பதற்காக ஒதுக்குவது அறிவுடைமை அன்று.

படம் முடிந்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேசை இழுப்பறையில் பூட்டிய அந்த நூலே நினைவில் நின்றது. அது என்ன கதை, அதில் உனக்குப் பிடித்தது எது என்று அந்த மாணவனை நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்குப் பழக்கமில்லாததைக் கண்டதும் பறித்துவிட்டேன். படத்தில் வரும் அதிகாரிக்கும் எனக்கும் அன்று பெரிய வேற்றுமை இருந்ததாகத் தோன்றவில்லை.

மாணவர்களே, உங்களுக்கு விளங்காத ஒன்று எதிரே வரும்போது, அஞ்சுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். 1957-இன் உலகம் அதனைக் கேட்கத் தயங்கிற்று, நானும் தயங்கினேன். நீங்கள் தயங்கவேண்டாம்.