அண்ணனைப் போல ஒருவர்

எங்கள் மயினி வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுத் தேறிய பிறகு, அண்ணனைப் பார்த்து, "இவரு அவரில்ல, அவர மாதிரி வேற யாரோ" என்றார். மற்றபடி பேச்சு, கணக்கு, சமையல் எல்லாம் சரியாகவே இருந்தது. அன்றைய பேச்சிப்பாறையில் எல்லோரும் பேய் என்றார்கள். தாயத்து கட்டினோம். அண்ணன் சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தார்.

இதற்கு ஒரு பெயர் உண்டென்று பல வருடம் கழித்து, வி.எஸ். ராமச்சந்திரனின் புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அரசியல் சாசனம் எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன் அவர், 1951-ல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோது இரு கண் பார்வை பற்றி எழுதி அனுப்பிய கட்டுரையை 'நேச்சர்' இதழ் 1972-ல் வெளியிட்டது. பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். அங்கும் பார்வைதான் பாடம். உணர்ச்சியின் பக்கம் அவரை இழுத்தவர்கள் பின்னாளில் கலிஃபோர்னியாவில் சந்தித்த நோயாளிகள்.

இந்த நோயை 1923-ல் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் காப்கிரா. அவர் வைத்த பெயர் 'சோசிகளின் மாயை'. சோசி, மோலியேர் நாடகத்தில் வரும் வேலைக்காரன். அவன் உருவத்திலேயே ஒரு தேவன் வந்து நின்று அவனை மிரட்டுவான். பிரெஞ்சில் படித்த எனக்கு அது சிரிப்பு நாடகம்.

பெற்றோரைப் போலிகள் என்று சொன்ன ஓர் இளைஞரை ராமச்சந்திரனும் ஹர்ஸ்டைனும் பரிசோதித்து 1997-ல் எழுதினார்கள். தெரிந்த முகத்தைக் கண்டால் நமக்கு உள்ளங்கை லேசாக வியர்க்கும். கருவியால் அதை அளக்கலாம். அந்த இளைஞருக்கு அம்மா முகத்தைப் பார்த்தும் அது ஏறவில்லை. முகத்தை அறியும் இடத்திலிருந்து உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்குப் போகும் வழி அறுந்திருக்க வேண்டும் என்றார்கள். எல்லிஸ், யங் என்ற இருவர் 1990-லேயே ஏறக்குறைய இதை ஊகித்திருந்தார்கள். முகம் தெரிகிறது, பாசம் எழவில்லை. ஆகவே 'இது வேறு ஆள்' என்று மூளை முடிவு கட்டுகிறது.

அதே இளைஞர் தொலைபேசியில் பெற்றோரை உடனே அடையாளம் கண்டார். காது வழி வேறு, அது அறுபடவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. ஆனால் அண்ணனைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்து மயினியைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை.