லேசர் சரும சிகிச்சை

லேசர் சரும சிகிச்சை என்பது, மூப்பினாலும் வெயிலினாலும் தோலில் விழும் திரைகளை, ஒரே அலைநீளமுடைய செறிந்த ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் குறைக்கும் வைத்திய முறையாகும்.

திரை தோன்றும் விதம்: காஞ்சிபுரத்துப் பட்டு எவ்வாறு புரத இழைகளாலாகிய நெசவோ, அவ்வாறே தோலின் உட்படலமும் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் பின்னியதாகும், முன்னது உறுதியையும், பின்னது மீள்தன்மையையும் தரும். வயது ஏறுந்தோறும் இவ்விழைகள் மெலிய, சூரியனின் புற ஊதாக் கிரணங்கள் அச்சிதைவைத் துரிதப்படுத்த, மேற்றோல் மடிந்து திரையாகின்றது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிற் குளத்தினின்று 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்தி வரதரை 1979இல் இளமையில் சேவித்து, 2019இல் மீண்டும் சேவித்த ஒருவர், தம் புறங்கையையும் ஆடை மறைத்த மேற்புயத்தையும் ஒப்பிட்டு நோக்குவாராயின், காலம் செய்தது இவ்வளவு, வெயில் செய்தது இவ்வளவு எனத் தாமே பகுத்தறியலாம்.

வரலாறு: 1960இல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். இச்சிகிச்சையில் பெரிதும் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்போர், சுற்றுத் திசுவைச் சுடாமல் குறித்த இலக்கை மட்டும் சூடேற்றும் தத்துவத்தை நிறுவினர்.

முறைகள்: 10,600 நானோமீட்டர் அலைநீளமுடைய கரியமில வாயு லேசரையும், 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசரையும் தோலிலுள்ள நீர் உட்கொண்டு ஆவியாவதால், மேற்படலம் நீங்குகின்றது, அடியில் இறங்கும் வெப்பத்தால் பழைய கொலாஜன் சுருங்கிப் புதியது சில மாதங்களில் உருவாகின்றது. 2004இல் அறிமுகமான பகுதிமுறை லேசரோ, நுண்ணிய துளைகளாக மட்டும் தோலைத் தாக்கி, இடையிடையே பழுதற்ற தோலை விட்டுவைப்பதால், புண் விரைவில் ஆறுகின்றது. தளர்ந்து தொங்கும் தசையை நிமிர்த்தும் வல்லமை இவற்றுக்குப் பெரிதும் இல்லை.

தமிழர் தோல்: பிட்ஸ்பாட்ரிக் என்பார் வகுத்த ஆறு தோல் வகைகளுள் நம்மவர் பெரும்பாலும் நிறமி மிகுந்த நான்காவது, ஐந்தாவது வகையினர். வெயிலைத் தடுத்துத் திரையைத் தாமதப்படுத்தும் மெலனின் என்னும் அதே நிறமி, லேசரின் சூடு பட்ட இடத்தில் மிகையாகச் சுரந்து, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளை விளைவிக்கக்கூடும். ஆதலின், தேர்ந்த சரும வைத்தியர் சிற்றிடத்திற் பரீட்சித்து, ஆற்றலைக் குறைத்து, பல தவணைகளில் இடைவெளி விட்டுச் செய்வர். தழும்பு தடித்து வளரும் இயல்பினரும், தோலில் தொற்று உள்ளோரும், கருவுற்றோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். சிகிச்சையின்போது அவ்வலைநீளத்திற்கேற்ற கண்காப்பு இன்றியமையாதது.

புதிதாய் விளைந்த கொலாஜனையும் வெயில் பழையபடியே அரிக்குமாதலால், லேசருக்கு முன்னும் பின்னும் வைத்தியர் விதிப்பது சூரியக் காப்புக் களிம்பும் குடையுமே. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடும் காஞ்சி நெசவாளர் வழக்கம் பட்டுக்கேயன்றித் தோலுக்கும் உகந்ததாகும்.