கீழ்முந்திரியும் பெருக்கல் விதியும்

சிறுவாச்சூர் அமைந்துள்ள பெரம்பலூர், அரியலூர் வட்டாரம், வாலிகண்டபுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தன்னகத்தே கொண்ட பழைய சோழர் நிலமாகும். சோழநாட்டில் முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001இல், விரிவான நில அளவை நடைபெற்றது. 1086இல் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் நிலத்தை அளக்கச் செய்தான். நிலமளக்கும் கோலால் நீளமும் அகலமும் ஒவ்வொரு கோலாக உள்ள சதுரம் ஒரு குழி எனப்பட்டது. குழிகள் சேர்ந்து மாவும், இருபது மா சேர்ந்து வேலியும் ஆயின. ஒன்றில் எண்பதில் ஒரு பங்கு காணி, அதன் பாதி அரைக்காணி, அதனினும் பாதியாகிய 320இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியை மீண்டும் 320 கூறாக்கினால் கிடைப்பது கீழ்முந்திரி.

ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள நிலத்தில் இரு பக்கங்களும் முந்திரியளவு நீளுமாயின், நீளவாட்டில் முந்திரிக் குழி அளவுள்ள ஒரு கீற்றும், அகலவாட்டில் அதே அளவுள்ள மற்றொரு கீற்றும், அவை சந்திக்கும் மூலையில் கீழ்முந்திரி அளவுள்ள சிறு சதுரமும் கூடுகின்றன. இரு கீற்றுகளும் சேர்ந்து அரைக்காணி. மூலையோ 1,02,400இல் ஒரு பங்கே. வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை அளந்து இறை விதித்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடும் அந்த மரபு, இத்தகைய நுண்பகுதியையும் பெயரிட்டுக் கணக்கில் வைத்தது.

ஐரோப்பாவில் வகைநுண்கணிதம் உருவானபோது இம்மூலையே சிக்கலாயிற்று. பெருக்கற்பலனின் வகையீடு வகையீடுகளின் பெருக்கற்பலனே ஆகுமா என்று 1675 நவம்பரில் ஆராய்ந்த லைப்னிட்ஸ், அது பொருந்தாது எனக் கண்டார். அவ்வாறு கொள்வது மூலையை மட்டும் வைத்துக்கொண்டு கீற்றுகள் இரண்டையும் இழப்பதற்கு ஒப்பாகும். அவர் 1684இல் வெளியிட்ட பெருக்கல் விதியின்படி, முதற்சார்பை இரண்டாவதன் வகைக்கெழுவாலும், இரண்டாவதை முதலாவதன் வகைக்கெழுவாலும் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 1687இல் நியூட்டன், ஒவ்வொரு பக்கத்தையும் வளர்ச்சியின் பாதியளவு குறைத்தும் கூட்டியும் வேறுபாடு கண்டு, மூலையே எழாதபடி செய்தார். அது முறையான நிறுவல் அன்று என 1734இல் பார்க்லி மறுத்தார். எல்லை என்னும் கருத்தைக் கொஷி 1821இல் தெளிவாக்கிய பின்னரே விடை உறுதிப்பட்டது: பக்கங்கள் காலத்தோடு வளர்வதாகக் கொண்டு, நிலத்தின் வளர்ச்சியைக் கால இடைவெளியால் வகுக்கும்போது கீற்றுகள் திட்டமான மதிப்பை நாட, மூலையோ கால இடைவெளி சுருங்கச் சுருங்கப் பூச்சியத்தை நாடுகிறது.

எவ்வளவு நிலம் கூடியது என்று கேட்ட கணக்கன் மூலையை வைத்துக்கொண்டதும், எந்த வீதத்தில் கூடுகிறது என்று கேட்ட கணிதவியலார் அதை விடுத்ததும் ஒன்றுக்கொன்று முரணல்ல. நுண்கணிதத்தைச் சோழர் அறிந்திருந்தனர் என்று இதனால் கொள்ளலாகாது. ஆயினும் சிறுவாச்சூரில் பதினொன்றாம் வகுப்பில் பெருக்கல் விதியைப் பயிலும் மாணவருக்கு, இரு உறுப்புகள் எஞ்சி மூன்றாவது மறைவது ஏன் என்பதைக் கோல், குழி, கீழ்முந்திரி என்னும் சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.